மடிப்பில் அறுந்த வயர்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் ஒரு காரின் பின்கதவு நாளொன்றுக்கு எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விடியுமுன் சிரம்பான் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு லாபு, ரந்தாவ் பக்கத்து லயங்களுக்கு வரும் வேகன், ஒவ்வொரு வாசலிலும் பின்கதவைத் தூக்கித்தான் வியாபாரம் செய்கிறது. பகாவ் பக்கத்தில் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போடுகிறவரின் வேனும் அப்படித்தான். கோயில் திருவிழா என்றால் அன்னதானப் பாத்திரம், வாழையிலைக் கட்டு, ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் அந்த ஒரு கதவு வழியாகவே ஏறி இறங்கும். நாளுக்கு இருபது முறை என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு முந்நூறு நாளில் அது 6,000 முறை. பத்து வருடம் ஓடிய வண்டியில் 60,000 முறை.

அத்தனை முறையும் கதவோடு சேர்ந்து மடிந்து நிமிர்வது ஒரு வயர்க்கட்டு. கூரையின் பின்விளிம்பில், கீலுக்கு அருகே, கறுப்பாக மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும். உடலிலிருந்து கதவுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அதற்குள்தான் ஓடுகிறது. நம்பர் பிளேட் விளக்கு, உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு, பின்கண்ணாடி வைப்பர், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் சூடேற்றிக் கோடுகள், பூட்டு, பின்னால் பார்க்கும் கேமரா என்று வண்டிக்கு ஏற்ப ஆறு முதல் பதினைந்து வயர்கள் வரை இருக்கும். பின்கதவில் ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த உறை. ஆனால் பெரும்பாலோர் கடைசியாகத்தான் அங்கே வந்து சேருகிறார்கள். அதற்குள் இரண்டு பல்பு, ஒரு சுவிட்சு, சில சமயம் ஒரு வைப்பர் மோட்டார் வரை மாற்றியிருப்பார்கள்.

இந்தக் கோளாறு மலிவு வண்டிக்கு மட்டும் வருவதல்ல. ஸ்வீடனில் 1974 முதல் 1993 வரை தயாரான வால்வோ 240 வரிசை, இருபத்தெட்டு லட்சத்துக்கும் மேல் விற்ற, உறுதிக்குப் பெயர்போன வண்டி. அதன் ஸ்டேஷன் வேகனில் கீலருகே வயர் அறுவது உலகம் முழுக்கப் பேசப்பட்ட தொல்லை. அதற்கென்றே மாற்று வயர்க்கட்டு தனியாக விற்கும் அளவுக்கு அது பரவலானது. பிஎம்டபிள்யூ 5 வரிசையில் 2004இல் வந்த டூரிங் வேகனிலும் இதே கதைதான். மலேசியாவில் 1987இல் புரோட்டோன் சாகா ஏரோபேக், 1994இல் பெரோடுவா கஞ்சில், 2005இல் மைவி, 2009இல் அல்சாவும் எக்சோராவும் என்று மேலே தூக்கும் பின்கதவு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தோட்ட வாசலை நிறைத்தன. கதவைத் தூக்கினால் வயர் மடியும். எந்த நாட்டு இன்ஜினியரும் அதற்கு விலக்குப் பெற்றதில்லை.

வயர் ஏன் அறுகிறது? செம்பு இளகிய உலோகம்தான். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்த இடம் மட்டும் விறைத்துப்போய் ஒடியும். விளக்குக்குப் போகும் 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்குள் சாதாரணமாக 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் பதினாறு இழைகள் இருக்கும். அவை ஒரே நாளில் அறுவதில்லை. ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் ஒடிகின்றன. வெயில் இன்னொரு பக்கம் வேலை செய்கிறது. நிழலில்லாத லயத்து முற்றத்தில் பகல் முழுக்க நிற்கும் காரின் கூரைத்தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் வயரின் பிளாஸ்டிக் உறை இளக்கத்தை இழந்து வறண்டு வெடிக்கிறது. செம்பு வெளியே தெரிந்ததும் மழைக்கால ஈரம் அதைக் கறுக்கவைக்கிறது. செம்மண் சாலைக் குலுக்கல் மிச்சத்தை முடித்துவைக்கும்.

இழைகள் ஒவ்வொன்றாக அறுவதால்தான் இந்தக் கோளாறு ஆளை ஏமாற்றுகிறது. பதினாறும் ஒடிந்து, கறுத்த முனைகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மல்ட்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். "கரண்டு வருதே, அப்ப பல்புதான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 21 வாட் பிரேக் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த அரைகுறைத் தொடுகையால் அதைத் தாங்க முடியாது. மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றுமே இழுப்பதில்லை, அதனால் அதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். எல்இடி பல்பு போட்ட வண்டியில் குழப்பம் இன்னும் கூடும். மிகக் குறைந்த கரண்டில் எரிவதால், முக்கால்வாசி அறுந்த வயரிலும் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இந்த வேலைக்கு மீட்டரை விடப் பழைய டெஸ்ட் லேம்புதான் நம்பகமானது. ஹோல்டரில் ஒரு 21 வாட் பல்பை மாட்டி இரண்டு வயர் இழுத்துக்கொண்டாலே போதும். அது பளிச்சென்று எரிந்தால் வயர் பெரும்பாலும் நல்ல வயர். மங்கினால் கோளாறு வழியில் இருக்கிறது.

அறிகுறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கதவைத் திறக்கும்போது நம்பர் பிளேட் விளக்கு அணைந்து மூடும்போது எரிகிறதா? மடிப்பில் ஒரு வயர் அறுந்து, முனைகள் உரசிக்கொண்டிருக்கின்றன. கதவைத் தூக்கினதும் ஃபியூஸ் போகிறதா? உறை வெடித்து, வெறும் செம்பு தகட்டைத் தொடுகிறது. அந்த நேரத்தில் பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுவதும் காரைக் கொளுத்துவதற்கு எளிய வழிகள். ஃபியூஸ் போவது கோளாறல்ல; கோளாறிலிருந்து வண்டியைக் காப்பாற்றுகிற வேலையை அது செய்கிறது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது எர்த்து வயர் அறுவது. பிரேக்கை மிதித்தால் நம்பர் பிளேட் விளக்கு மினுக்கும். வைப்பரைப் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக எரியும். வண்டிக்குப் பேய் பிடித்ததுபோலத் தோன்றும். காரணம் எளிது. பின்கதவில் இருக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் பேட்டரிக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் ஒன்றே. அது அறுந்தால், பிரேக் பல்புக்கு வந்த கரண்டு பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து, அந்த வயரில் பின்னோக்கி ஓடி, வண்டியின் வேறொரு விளக்கு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று எரியும் வண்டியில் வேறு எதையும் சோதிக்காமல் நேரே எர்த்து வயரைத் தேடலாம். பல வண்டிகளில் அது கறுப்பு. டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு.

தோட்டத்து வண்டியில் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்: எலி. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. பழத்தைத் தின்னும் எலியை ஒழிக்க மலேசியத் தோட்டங்கள் பல, கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கின்றன. சாலையோரச் செம்பனை வரிசைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பெட்டிகளைப் பார்த்தவர்கள் பலர், அவை எதற்கு என்று கேட்டவர்கள் சிலர். கூகைக்குத் தப்பிய எலி இரவில் காருக்குள் ஒதுங்கி வயரைக் கடிப்பது உண்மை. ஆனால் அது இன்ஜின் பக்கத்திலோ, சீட்டுக்கு அடியிலோ, பின்பக்கப் பக்கவாட்டுப் பொந்திலோ கடிக்கும். கடித்த இடத்தில் உறை துருவியதுபோல் ஒழுங்கற்று இருக்கும், பக்கத்தில் புழுக்கை கிடக்கும். ரப்பர் உறைக்குள் நேர்வெட்டாக, வறண்ட குச்சி ஒடிந்ததுபோல் இருந்தால் எலிமேல் பழி போட வேண்டாம்.

சோதனைக்கு வருவோம். முதலில் கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பழைய வேகன்களில் கதவைத் தாங்கும் கேஸ் தண்டுகள் சோர்ந்திருக்கும். தலை உள்ளே இருக்கும்போது கதவு இறங்கினால் வயர் வேலை ஆஸ்பத்திரி வேலையாகிவிடும். அளவாக வெட்டிய ஒரு மரக்கட்டை போதும். பிறகு ரப்பர் உறையின் இரு முனைகளையும் விளிம்பிலிருந்து விரலால் நெம்பி எடுக்க வேண்டும். வறண்ட ரப்பர் கிழியும். சோப்புத் தண்ணீர் தடவிச் சில நிமிடம் விட்டால் இளகும். உறையைப் பின்னுக்குத் தள்ளியதும் வயர்கள் தெரியும். பல வண்டிகளில் அறுந்து தொங்கும் வயர் அப்போதே பல்லைக் காட்டும்.

தெரியவில்லை என்றால் வயர்களை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வயர் நீளாது. உள்ளே செம்பு அறுந்து வெளியுறை மட்டும் முழுசாக இருக்கும் வயர் ரப்பர் பேண்டுபோல் சற்றே நீளும். அனுபவப்பட்ட வயரிங் கடைக்காரர்கள் கண்ணை வைத்தல்ல, இந்த விரல் சோதனையை வைத்தே கணக்கைச் சொல்லிவிடுவார்கள். ஒன்று அறுந்திருந்தால் அதன் அண்டை வயர்களும் அதே வயதுதான். அறுந்ததை மட்டும் ஒட்டிவிட்டு உறையை மூடினால் அடுத்த சில மாதத்தில் இன்னொன்று அறும். மறுபடி அதே கழற்றல், அதே மூடல். மடிப்பில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதுதான் மலிவு.

இங்கே ஒரு விஷயத்தில் பிடிவாதம் தேவை. மடிப்பு இருக்கும் இடத்தில் எந்த ஒட்டும் வரக்கூடாது. வழக்கமாக நடப்பது என்ன? அறுந்த இரு முனைகளையும் முறுக்கி, ஈயம் வைத்து, கறுப்பு டேப்பைச் சுற்றி, உறைக்குள் திணித்துவிடுவார்கள். அன்றைக்கு விளக்கு எரியும். ஆனால் ஈயம் ஏறிய இடம் கம்பிபோல் விறைத்துவிடுகிறது. அதன் ஓரத்தில்தான் இனி எல்லா மடிப்பும் விழும். பழைய வயரை விடச் சீக்கிரமாகவே அங்கே அறும். கறுப்புப் பிளாஸ்டிக் டேப்போ கூரைச் சூட்டில் பசை இளகி நழுவிவிடும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், உறையை விட்டுவிட்டு வெளியே புதுவயர் இழுத்துக் கதவிடுக்கு வழியாக உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு முறையும் கதவு அந்த வயரை நசுக்கும், மழை பெய்தால் வயரோடு தண்ணீரும் உள்ளே நடந்து வரும்.

சரியான வழி இது. ரப்பர் உறையைத் தாண்டி, கூரைக்குள் ஒரு சாண், கதவுக்குள் ஒரு சாண் தள்ளி வயரை வெட்டி, நடுத்துண்டு முழுவதையும் புதிதாக மாற்ற வேண்டும். ஒட்டு இரண்டும் அசையாத இடத்தில் போய்விடும். மடிப்பில் ஓடுவது ஒட்டில்லாத ஒரே வயராக இருக்கும். அந்தத் துண்டுக்குச் சிலிக்கோன் உறை போட்ட வயரைவிடச் சிறந்தது இல்லை. ரேடியோ கன்ட்ரோல் விளையாட்டுக் கார், ட்ரோன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 20 கேஜ் சிலிக்கோன் வயரில் 0.08 மில்லிமீட்டர் தடிப்பில் நூறு இழைகள். பழைய வயரின் பதினாறு இழையோடு ஒப்பிட்டால் ஏன் வளைந்து கொடுக்கிறது என்பது புரியும். செம்பின் மொத்த அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஒரே குறை, கூரிய தகட்டு விளிம்பில் உரசினால் சிலிக்கோன் எளிதில் கிழியும். அதனால் ரப்பர் உறை முழுசாக இருக்க வேண்டியது கட்டாயம். கிழிந்த உறையை, பழைய உதிரிபாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் தேடி மாற்றிவிடலாம்.

தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. விளக்குக்கும் பூட்டுக்கும் 20 கேஜ் தாராளம். ஆனால் கண்ணாடிச் சூடேற்றி 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. அதற்கும், எல்லாக் கரண்டும் ஒன்றுகூடித் திரும்பும் எர்த்துக்கும் 2 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். பழைய வயரின் தடிமனைப் பார்த்து அதற்குக் குறையாமல் போடுவது எளிய விதி.

வெட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே கழற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது; மின்பூட்டுக் கதவை மூடிவிட்டு பேட்டரியைக் கழற்றியவர்கள் பின்சீட்டை மடித்து உள்ளே ஊர்ந்துபோய், கதவின் உட்பலகையில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் பூட்டு நெம்புகோலைத் தள்ளித் திறந்திருக்கிறார்கள். புதிய வண்டிகளில் கூரையோரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். மஞ்சள் கனெக்டரோ மஞ்சள் உறை வயரோ தென்பட்டால் அதன் பக்கமே கை போகக்கூடாது. உட்பலகைகளை எடுக்கும்போது துணி சுற்றிய தட்டையான கருவியால் கிளிப்புக்குப் பக்கத்தில் நெம்ப வேண்டும். வெயிலில் காய்ந்த கிளிப்புகளில் இரண்டு மூன்று எப்படியும் உடையும், முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

வயர்க்கட்டுக்கு ஒரு முனையில் கனெக்டர் இருந்தால் அதைக் கழற்றி, முழுக்கட்டையும் உறையோடு வெளியே எடுத்து மேசைமேல் வைத்து வேலை செய்யலாம். கழுத்து வலி மிச்சம். இல்லையென்றால் வண்டியிலேயே, ஒரு நேரத்தில் ஒரு வயர்: வெட்டு, மாற்று, அடுத்தது. எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிவிட்டுப் பிறகு நிறத்தை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இறங்கக் கூடாது. வெயிலில் வெளுத்த மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோல் இருக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, சிலிக்கோன் வயர் இரண்டு மூன்று நிறத்தில் மட்டுமே கிடைத்தால் முனைகளில் எண் எழுதிய காகித டேப்பை ஒட்டிவிட வேண்டும்.

பழைய வயரின் முனையைச் சீவும்போது செம்பு கறுத்திருந்தால் அதில் ஈயம் பிடிக்காது. பளபளப்பு தெரியும்வரை இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். ஒட்டுக்கு ஈயம் வைக்கலாம், அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் குழாயும் போடலாம். அசையாத இடத்தில் இரண்டும் நல்லதே. ஒட்டுவதற்கு முன் ஷ்ரிங்க் டியூபை வயரில் கோத்துவிட வேண்டும் (ஈயம் ஆறின பிறகு அது மேசைமேல் கிடப்பதைப் பார்ப்பது இந்தத் தொழிலின் தினசரிக் காட்சி). எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் குவிந்தால் கட்டு பாம்பு இரை விழுங்கினதுபோல் புடைத்து உறைக்குள் நுழையாது. ஒவ்வொரு ஒட்டையும் முந்தையதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும். கூரைக்குள்ளும் கதவுக்குள்ளும் துணி டேப்பால் கட்டலாம். உறைக்குள் மட்டும் எதையும் கட்டக் கூடாது. வயர்கள் ஒன்றன்மேல் ஒன்று தன்போக்கில் வழுகட்டும். சிலிக்கோன் வயர் ரப்பரில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் கட்டி இழுத்தால் வந்துவிடும். நீளம் பழைய வயரின் நீளமே. ஓரிரு சென்டிமீட்டர் கூடினால் பாதகமில்லை, அதற்கு மேல் போனால் உறைக்குள் சுருண்டு நசுங்கும்.

இரண்டு வகைப் பொருளுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. கேமராவின் படத்தைக் கொண்டுவரும் கேபிளும் ஆண்டெனா கேபிளும் நடுவில் ஒரு இழை, சுற்றிலும் ஒரு வலை என்று அமைந்தவை. சாதாரண வயர்போல் வெட்டி ஒட்டினால் படம் கோடு கோடாக வரும், ரேடியோ இரையும். முழு நீளமும் மாற்றுவதே வழி. இன்னொன்று வயரே அல்ல: சில வண்டிகளில் பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் மெல்லிய குழாயும் அதே உறைக்குள்ளேயே போகிறது. அதுவும் அதே மடிப்பில் வெடிக்கும். வெடித்த குழாயை விட்டுவிட்டு வயரை மட்டும் புதுப்பித்தால், வாஷரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புது ஒட்டுகளின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்.

பேட்டரியை மாட்டியதும் உட்பலகைகளைப் போடாமலே சோதிக்க வேண்டும். விளக்குகள், சூடேற்றி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைக் கதவின் எர்த்து இணைப்பிலும் மறுமுனையை வண்டி உடலில் நல்ல தகட்டிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த்து ஒட்டில் குறை இருக்கிறது. பிறகு ஒருவர் கதவை மெல்ல ஏற்றி இறக்க, இன்னொருவர் விளக்குகளைப் பார்க்க வேண்டும். எந்த நிலையிலும் கண் சிமிட்டல் இருக்கக் கூடாது. வண்டியை விற்கும்போது உடைமை மாற்றத்துக்காக எடுக்கும் பி5 பரிசோதனையிலும் விளக்குகளைப் பார்ப்பார்கள். அங்கே நம்பர் பிளேட் விளக்குக்காகத் திரும்பி வருவதைவிடத் தோட்டத்து முற்றத்திலேயே பார்த்துக்கொள்வது சுலபம்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. ரப்பர் உறையின் உதடு இரு பக்கமும் துளைக்குள் முழுச்சுற்றும் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கதவை மூடி, கூரையின் பின்விளிம்பில் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் விட வேண்டும். பிறகு கதவைத் திறந்து கூரைத்துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழிக்குள் ஈரம் இருக்கிறதா என்று கை விட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்திருந்தால் பலகைகளை மாட்டிவிடலாம்.